களவுபோன கிரிப்டோ நாணயம்: சட்டம் எதுவரை துணை வரும்?

நம் சங்க உறுப்பினர்களில் கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர் யார் யார் என்று கேட்டால் ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். ஆனால் அது திருட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்று தனியே வந்து கேட்பவர்களுக்குக் குறைவில்லை. மகன் வாங்கி வைத்தான் என்பார் ஒருவர். மருமகன் பெயரில் இருந்தது என்பார் இன்னொருவர். பருப்பும் மிளகாயும் மொத்தத்தில் விற்கிற எனக்கு இந்த வியாபாரத்தில் ஈடுபாடு கிடையாது. அதில் இறங்குங்கள் என்று எவருக்கும் நான் சொல்லவும் மாட்டேன். எனினும் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே இரவில் போய்விட்டது என்று ஒரு வியாபாரி நிற்கும்போது, "நான் அப்போதே சொன்னேனே" என்பது உதவியாகாது. ஆகவே வழக்கறிஞர்களிடம் கேட்டும், தீர்ப்புகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டும் அறிந்தவற்றை உறுப்பினர்களின் பார்வைக்கு வைக்கிறேன்.

முதலில், இது நம் நாட்டில் சொத்தா அல்லவா என்ற கேள்வி. "கண்ணுக்குத் தெரியாத காசுக்கு போலீசில் புகார் எடுப்பார்களா?" என்று பலரும் தயங்குகிறார்கள். 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ வியாபாரம் செய்வோருக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. 2020 மார்ச் 4ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதப் பிடித்தமும் வந்தன. வரி போடுகிற அரசு அந்தப் பொருளே இல்லை என்று சொல்ல முடியாதல்லவா? ஆயினும் ஐயம் திரிபறத் தெளிவாக்கியது 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுதான்.

அந்த வழக்கு இது. வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் 2024 ஜூலை 18ஆம் தேதி சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. எக்ஸ்சேஞ்ச் எல்லாக் கணக்குகளையும் முடக்கியது. சென்னையிலிருந்து வங்கி வழியே ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் செலுத்தி எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயத்தில் 3,532 சொச்சம் வாங்கி வைத்திருந்த ஒரு பெண்மணி, "திருடு போனது வேறு வகை நாணயம், என்னுடையது அதில் இல்லை, நஷ்டத்தை என் தலையில் எப்படிப் பங்கு வைக்கலாம்?" என்று நீதிமன்றம் வந்தார். இதை நம் தொழிலில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். கிடங்கில் ஒருவர் மஞ்சளும் இன்னொருவர் மிளகாயும் வைத்திருக்க, மஞ்சள் மூட்டைகள் திருட்டுப் போனதற்கு மிளகாய்க்காரர் பங்கு தரவேண்டும் என்றால் யார் ஒப்புவார்கள்? நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், கிரிப்டோ என்பது கையால் தொடக்கூடிய பொருளும் அல்ல, நாணயமும் அல்ல. ஆனால் உடைமையாக வைத்து அனுபவிக்கத்தக்க சொத்து, ஒருவருக்காக மற்றொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் தக்கது என்று கூறினார். ஒப்பந்தப்படி தகராறு சிங்கப்பூர் நடுவர் மன்றத்துக்குப் போகவேண்டியது என்று எதிர்த்தரப்பு வாதாடியும், பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கிறபடியால் இடைக்காலப் பாதுகாப்புத் தர இங்குள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றார். சுமார் 9 லட்சத்து 56 ஆயிரம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரும்படி உத்தரவாயிற்று.

இது இறுதித் தீர்ப்பல்ல, நடுவர் விசாரணை முடியும்வரைக்கான பாதுகாப்பே என்பதை மறக்கக்கூடாது. ஆயினும் காவல் நிலையத்தில் "இது சொத்தே இல்லையே" என்று எவராவது தட்டிக் கழித்தால் எடுத்துக் காட்டுவதற்கு நம் கையில் ஒரு காகிதம் இருக்கிறது.

பூட்டும் சாவியும்

திருட்டு எப்படி நடந்தது என்பதைப் பொறுத்தே மருந்தும் மாறும் என்பதால் இந்த நாணயம் எப்படி இருக்கிறது என்பதைச் சற்றே சொல்லவேண்டும். நாணயம் என்று தனியே ஒரு பொருள் எங்கும் இல்லை. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே பேரேட்டின் நகல் இருக்கிறது. பிளாக்செயின் என்பது இதைத்தான். இந்த முகவரியிலிருந்து அந்த முகவரிக்கு இத்தனை நாணயம் போயிற்று என்று அதில் எழுதப்படுகிறது. எழுதினால் எழுதியதுதான், அடித்தல் திருத்தல் கிடையாது. அப்படி எழுதும் உரிமை யாரிடம் ரகசியச் சாவி இருக்கிறதோ அவருக்கு மட்டுமே. சாவி என்பது ஒரு நீண்ட எண். அதையே 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதி வைக்கச் சொல்வார்கள். அந்தச் சொற்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கல்லாப்பெட்டிச் சாவியைக் கடைவாசலில் தொங்கவிட்டதற்குச் சமம்.

சிலர் சாவியைத் தாமே வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலோர் எக்ஸ்சேஞ்சிடம் விட்டுவிடுகிறார்கள். அப்போது சாவி எக்ஸ்சேஞ்சுக்கு, நமக்கு இருப்பது வரவுக் கணக்கு மட்டும். மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதில் நாணயமே இருப்பதில்லை. டெலிகிராமில் பழகி, போலியான ஒரு ஆப்பில் லாபம் ஏறுவதாகக் காட்டி, பணத்தைப் பிடுங்குவது. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

சாவி திருட்டுப் போனால் அது களவு. போலி ஆப் என்றால் மோசடி. எக்ஸ்சேஞ்சே கையாடினால் நம்பிக்கை மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவில் முறையே 303, 318, 316 ஆகிய பிரிவுகள். பிறர் கடவுச்சொல்லைப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. எதிராளி எக்ஸ்சேஞ்ச் என்றால் அவனுக்கு முகவரி உண்டு, நோட்டீஸ் அனுப்பலாம், மேலே சொன்ன வழக்கைப் போல உயர் நீதிமன்றம் போகலாம். மற்ற இரண்டில் எதிராளி யாரென்றே தெரியாது. அங்கேதான் சிக்கல்.

தடம் தெரியும், ஆள் தெரியாது

இந்தப் பேரேடு ஒளிவுமறைவில்லாதது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து படிக்கலாம். திருடன் நம் நாணயத்தை எந்த முகவரிக்கு மாற்றினான், அங்கிருந்து எத்தனையாகப் பிரித்தான், எப்போது அனுப்பினான் என்பதெல்லாம் மணி, நிமிடத்தோடு இருக்கும். உண்டியல் பணத்துக்கு இப்படி ஒரு வசதி என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் முகவரியின் பின்னால் இருக்கும் ஆள் யார் என்று மட்டும் பேரேடு சொல்லாது. திருடன் அதைக் காசாக்க வேண்டுமானால் எங்காவது ஒரு எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பான், ஆதார், பாஸ்போர்ட் ஏதாவது கொடுத்துத்தான் கணக்குத் திறந்திருப்பான். அந்த வாசல்தான் சட்டத்தின் பிடி. அதற்கு முன்னும் பிடியில்லை, பின்னும் பிடியில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

லண்டனில் 2019இல் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். கனடா நாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு ஒரு கூட்டம் பணம் கேட்டது. கம்பெனிக்குக் காப்பீடு கொடுத்திருந்த இங்கிலாந்து நிறுவனம் 109.25 பிட்காயின் கொடுத்து மீட்டது. பிறகு தடம் பிடிக்கும் ஒரு நிபுணர் கம்பெனியை அமர்த்தியதில், 96 பிட்காயின் பிட்ஃபினெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சோடு தொடர்புடைய முகவரியில் இருப்பது தெரிந்தது. உடனே நீதிமன்றம் போனார்கள். பெயர் தெரியாத ஆட்களைப் பிரதிவாதிகளாக்கி, நாணயம் நகராதபடி தடையாணை வாங்கினார்கள். எஞ்சிய 13 சொச்சம் அதற்குள் சாதாரணப் பணமாக மாறிவிட்டிருந்தது. பெயர் தெரியாத ஒருவன்மீது வழக்குப் போட முடியும் என்பதும், தாமதித்த அளவுக்குப் போய்விடும் என்பதும் இதில் சேர்ந்தே தெரிகின்றன.

இன்னொரு பிடி, சாவியே கிடைத்துவிடுவது. 2016இல் இதே பிட்ஃபினெக்ஸிலிருந்து 1,19,754 பிட்காயின் களவுபோயிற்று. ஆறு ஆண்டு கழித்து 2022 பிப்ரவரியில் அமெரிக்க அதிகாரிகள் ஏறத்தாழ 94,000 பிட்காயினைக் கைப்பற்றினார்கள். எப்படி? குற்றவாளி இணையத்தில் சேமித்து வைத்திருந்த ஒரு கோப்பில் சாவிகளெல்லாம் இருந்தன. திருடனும் நம்மைப்போலவே சாவியைக் கண்ட இடத்தில் வைக்கிறான் போலும்! ஆனால் இதெல்லாம் அரசாங்கங்கள் செய்யும் காரியம். நம்மால் ஆவது முதல் வழிதான்.

இதில் நாணயத்தின் வகையும் முக்கியம். பிட்காயினை எவராலும் முடக்க முடியாது. ஆனால் டாலருக்குச் சமமாக ஓடும் டெதர் என்ற யு.எஸ்.டி.டி.யை வெளியிடும் கம்பெனி, காவல்துறை கேட்டுக்கொண்டால் குறிப்பிட்ட முகவரியில் உள்ளதை நகராமல் முடக்க வல்லது. பலமுறை முடக்கியும் இருக்கிறது. ஆகவே போனது எந்த நாணயம் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதவேண்டும். "கிரிப்டோ போயிற்று" என்று எழுதுவது "மூட்டை போயிற்று" என்று எழுதுவது போல.

செய்யவேண்டியது

களவு தெரிந்த அந்த மணி நேரமே மிச்சமிருப்பதைப் புதிய சாவியுள்ள வேறு வாலட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு 1930 என்ற எண்ணுக்குப் போன். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற மத்திய அரசின் தளத்திலும் புகார் பதியலாம். ரூபாயாக வங்கி வழியே போயிருந்தால் பெறுநர் கணக்கில் நிற்கும் பணத்தைத் தடுத்து வைக்க இதுவே வழி. காலையில் போன பணம் மாலைக்குள் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். எக்ஸ்சேஞ்சின் குறைதீர் அதிகாரிக்கும் அன்றே ஈமெயில் அனுப்பவேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023 மார்ச் முதல் இந்த எக்ஸ்சேஞ்சுகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்து, வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கக் கடமைப்பட்டவை. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளையும் விடவில்லை. பைனான்ஸ் என்ற மிகப் பெரிய எக்ஸ்சேஞ்சுக்கு 2024இல் 18 கோடியே 82 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டு, அதுவும் பதிவுக்கு வந்தது. பதிவுள்ள எக்ஸ்சேஞ்சுக்குத் திருட்டு நாணயம் போயிருந்தால் நம் போலீஸ் கேட்கும் கடிதத்துக்குப் பதில் வரும். பதிவில்லாத எங்கோ ஒரு தீவில் இருக்கும் எக்ஸ்சேஞ்ச் என்றால் வருவது அரிது.

போனில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. அங்கே எழுத்தில் புகார் கொடுத்து, எப்.ஐ.ஆர். நகல் வாங்கவேண்டும். எல்லை தங்களுடையதல்ல என்று எந்த நிலையமும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. மின்னணு வழியே அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திடவேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அங்கும் நடக்காவிடில் 175(3) பிரிவின்படி மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். வழக்கறிஞரின் உதவி முதன்முதலாகத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எப்.ஐ.ஆர். இருந்தால்தான் போலீஸ் 94ஆம் பிரிவின்படி எக்ஸ்சேஞ்சிடம் ஆவணம் கேட்கவும், 106இன்படி முடக்கவும் இயலும். முடக்கியதை நம்மிடம் திருப்பித் தரச்சொல்லி 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்யவேண்டும். வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டால் 497. புதிதாக வந்துள்ள 107ஆம் பிரிவு, குற்றத்தால் வந்த சொத்தை நீதிமன்றம் முடக்கி, மாவட்ட ஆட்சியர் மூலம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிட்டுத் தரவும் வகை செய்கிறது. பலர் ஏமாந்த வழக்குகளில் இது பயன்படக்கூடும். இவை தவிர, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46ஆம் பிரிவில், 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரித்து உத்தரவிடும் முறை ஒன்று இருக்கிறது. வங்கியோ வேறு நிறுவனமோ கவனக்குறைவால் திருட்டுக்கு இடம்கொடுத்தது என்று காட்ட முடிந்தால் இதை வழக்கறிஞரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புகார் கொடுக்கப் பலர் கூசுவதன் காரணம் போலீஸ் பயமல்ல, கணக்குப் பயம். ரொக்கம் கொடுத்துக் கணக்கில் காட்டாமல் வாங்கியிருந்தால், "இது உங்களுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்ற முதல் கேள்விக்கே பதில் இருக்காது. முறையாக வாங்கி விற்றவருக்கு வங்கிப் பாஸ்புத்தகமும், அந்த 1 சதவீதப் பிடித்தம் பதிவான வருமான வரித் தாளும் சாட்சிக்கு நிற்கும். சுமை என்று நாம் முணுமுணுத்த பிடித்தம் இந்த ஒரு நேரத்தில் கைகொடுக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. யு.எஸ்.டி.டி.யை முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்று, யு.பி.ஐ.யில் ரூபாய் வாங்கிக்கொள்கிறார்கள். அந்த ரூபாய் வேறொரு மாநிலத்தில் யாரோ ஏமாந்த பணமாக இருந்தால், நம் வங்கிக் கணக்கு முடக்கப்படும். கடையின் நடப்புக் கணக்காக இருந்துவிட்டால் சப்ளையருக்குக் கொடுத்த செக்குகள் திரும்பும். மண்டியில் பெயர் போகும். விடுவிக்க அந்த மாநிலத்து விசாரணை அதிகாரிக்கு எழுதி, நாணயம் விற்றதற்கான பதிவைக் காட்டி, தேவையானால் நீதிமன்றமும் போகவேண்டும். சரக்குக்கு இதில் பணம் கேட்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை: இறக்குமதிப் பணம் அந்நியச் செலாவணி விதிப்படி வங்கி வழியேதான் போகவேண்டும். வேறு வழியில் அனுப்பி ஏமாந்தால், புகார் கொடுக்கிறவரே முதலில் பதில் சொல்ல நேரிடும்.

இரண்டாவது திருடன்

பணம் போன பத்தாம் நாளில் ஒரு போன் வரும். அல்லது வாட்ஸ்அப். "உங்கள் நாணயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். நாங்கள் சர்வதேச வழக்கறிஞர்கள். பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்." நாம் இழந்த தொகை அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்கும். எப்படித் தெரியாமல் போகும்? முதலில் திருடியவர்களோ, அவர்களிடம் பட்டியல் வாங்கியவர்களோதான் இவர்கள். கட்டணம் கட்டியதும் வரி என்பார்கள். வரி கட்டியதும் விடுவிப்புக் கட்டணம். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., போலி வழக்கறிஞர் நிறுவனங்கள் இப்படிக் கிரிப்டோ இழந்தவர்களைக் குறிவைப்பதாக 2024 ஜூனில் பொது எச்சரிக்கையே விட்டது. எந்த ஹேக்கராலும் பேரேட்டில் எழுதியதைத் திருப்பி எழுத முடியாது என்பதை மேலே பார்த்தோம். "திருப்பி எடுத்துத் தருகிறேன்" என்பவன் 12 சொற்களைக் கேட்டால் மிச்சத்தையும் எடுக்க வந்திருக்கிறான்.

அசல் வழக்கறிஞரை அடையாளம் காண நம் நாட்டில் இரண்டு நல்ல உரைகல்கள் உள்ளன. இந்திய பார் கவுன்சில் விதி 36இன்படி வழக்கறிஞர் விளம்பரம் செய்தோ, ஆளனுப்பியோ வழக்குப் பிடிக்கக்கூடாது. விதி 20இன்படி, ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பங்கு பேசக்கூடாது. ஆகவே தானாக வந்து, "மீட்டதில் 20 சதவீதம்" என்று பேசுகிறவர், ஒன்று வழக்கறிஞரே அல்ல, அல்லது விதி மீறுகிறவர். பதிவு எண்ணைக் கேட்டு மாநில பார் கவுன்சிலில் சரிபார்க்கலாம். தடம் பிடிக்கும் தனியார் நிபுணர்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் அவர்கள் தருவது அறிக்கை மட்டும். முடக்குவது போலீசும் நீதிமன்றமுமே.

செலவுக் கணக்கையும் முன்னதாகப் போட்டுப் பார்க்கவேண்டும். லண்டன், சிங்கப்பூர் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில் தேர்ந்தவை என்றாலும், இரண்டு மூன்று லட்சம் போனதற்கு அங்கே வக்கீல் வைப்பது ஐந்து மூட்டைப் புளிக்கு லாரி முழுவதையும் வாடகைக்கு எடுப்பது போலாகும். காலமும் பிடிக்கும். டோக்கியோவில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014இல் திவாலாயிற்று. நாணயம் வைத்திருந்தவர்களுக்கு அதை நாணயமாகவே திருப்பிக் கொடுப்பது 2024 ஜூலையில்தான் தொடங்கியது.

வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்லவேண்டியவை: நாணயம் வாங்கிய நாளின் வங்கி ஸ்டேட்மெண்ட், எக்ஸ்சேஞ்ச் கணக்கின் முழு நடமாட்டம், களவு நடந்த பரிவர்த்தனையின் நீண்ட எண், நம் முகவரி, திருடனின் முகவரி, தேதி மணி, 1930 கொடுத்த புகார் எண், திருடனோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல் முழுவதும். வெட்கப்பட்டு உரையாடலை அழித்துவிடக் கூடாது. போனையும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கவேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த தாள் எதுவானாலும் அதனோடு சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைத்தால்தான் நீதிமன்றம் ஏற்கும். அதை வழக்கறிஞரே தயார் செய்து கையெழுத்து வாங்குவார். 12 சொற்கள் எழுதிய தாளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். வழக்குக்கு அது யாருக்கும் தேவையில்லை.